வரையாட்டுக் காவல்

"வெளியில ஆரெல்லாம் உண்டு?" உள்ளேயிருந்து மருத்துவச்சி அம்மிணி கேட்டாள்.

"பெத்தவ நான் இருக்கேன். ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னா ஏத்திட்டுப் போக இஸ்மாயில் பாய் கைவண்டியோட நிக்காரு. மலையை விட்டு மாப்பிள்ளை துரையும் எறங்கி வந்திருக்காவ," என்றாள் மாடத்தி.

வீரலட்சுமியின் புருஷன் செல்லதுரை சன்னல் பக்கம் நகர்ந்தான். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தை பிறந்தால் இரவிகுளத்துக்குச் சீசன் காவல் வேலைக்குப் போய்விடுவான். அந்த மலையைத் தேசியப் பூங்காவாக்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வரையாடுகள் குட்டி போடும் மாதங்களில் காவலுக்குக் கூடுதல் ஆள் எடுப்பார்கள்.

முந்தின தடவை அவன் மலையில் நின்றபோதுதான் இங்கே முதல் குழந்தை பிறந்தது. அழாமலே செத்தது. இந்தத் தடவை நேற்றே பஸ் ஏறி வந்துவிட்டான்.

உள்ளே வீரலட்சுமி அலறினாள். விடிந்ததிலிருந்து இதே அலறல்தான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"ஆட்டுப் பேறுகாலத்துக்குக் காவல் நிக்கத் தெரியுது. பொண்டாட்டி பேறுகாலத்துக்குத்தான் வழி தெரியல," மாடத்தி சேலை முனையால் மூக்கைத் துடைத்தாள்.

"விடுங்கம்மா, வந்துட்டான்ல," என்றார் இஸ்மாயில். "எப்பா துரை, அந்த ஆடு எப்படித்தான் குட்டி போடும்? எதையாவது பேசு. இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு சும்மா நிக்க முடியல."

செல்லதுரை சன்னலோரச் சுவரில் சாய்ந்தான்.

"பாறை விளிம்புக்குப் போயிரும் பாய். சிறுத்தை வர முடியாத இடமாப் பாத்து. பனிமஞ்சு வந்து மூடும். மொதல்ல குளம்பு பாறையில உரசும், சர்ரு சர்ருன்னு. அப்புறம் மூச்சு. மூட்டையைத் தோள்ல ஏத்தும்போது நாம விடுவோமே, அப்படி. ஆனா கத்தாது. கத்தினா சிறுத்தைக்குக் கேட்டுரும்."

உள்ளே அலறல் சட்டென்று நின்றது. மாடத்தி பதறி எழுந்தாள்.

"மிண்டாம இரி தள்ளே," அம்மிணி அவளை அதட்டி அடக்கினாள். "செல்லதுரை, நீ நிறுத்தாதே. இவ உன் பேச்சைக் கேக்குறா."

அவன் குரலை உயர்த்தினான்.

"பொத்துனு விழும், நனைஞ்ச துணி மாதிரி. பெறவு நக்குற சத்தம். நக்கிக்கிட்டே தொண்டைக்குள்ளயே குட்டியைக் கூப்பிடும். அந்தக் குரல் மத்த நாள்ல வராது. காத்து நின்னு போன மாதிரி இருக்கும், பாய். அப்பதான் டொக்குனு ஒரு குளம்பு ஊணும். வழுக்கும். மறுபடி ஊணும். மறுபடி வழுக்கும். அந்தாண்ட விழுந்தா எலும்புகூடக் கெடைக்காது. எனக்கு மூச்சே வராது. பெறவு டொக்கு டொக்குனு நாலு காலும். ஒரு சாயா குடிக்கிற நேரந்தான். பெறந்தது பாறை மேல நடக்கும்."

இஸ்மாயில் கையில் பீடி தானாக எரிந்துகொண்டிருந்தது. "படைச்சவனே," என்றார் மெதுவாக.

மாடத்தி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். "அதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும் மாப்பிள்ளை," என்றாள்.

கதவு திறந்தது. அம்மிணியின் கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன.

"எடா செல்லதுரை, அகத்து வா."

"ஆம்பளை உள்ள வரதா?" மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆம்பளையானா என்ன? இவன் பேசுறப்போதான் பெண்ணு முக்குது. பேச்சு நின்னா தளர்ந்து போகுது. தலை தெரிஞ்சாச்சு. வேற ஒருத்தன்னா ரத்தம் கண்டு மயங்குவான். இவன் எத்தனை பேறு கண்டவன்."

செல்லதுரை அசையவில்லை.

"நான் ஒண்ணுகூடக் கண்டதில்லக்கா."

"பின்னே இத்தனை நேரம் சொன்னது?"

"காதுல கேட்டது. ஆட்டுக்கு முதுகைக் காட்டி நின்னு, ஆளு வருதா, செந்நாய் வருதான்னு பாக்குறதுதான் எங்க வேலை. நாம பாக்குறது தெரிஞ்சா தாய் பாதியில எந்திரிச்சு ஓடும். குட்டி பள்ளத்துல போயிரும். ஒரு தடவைகூட நான் திரும்பினதில்ல."

உள்ளேயிருந்து வீரலட்சுமியின் குரல் வந்தது, மூச்சு வாங்கியபடி.

"நான் எங்கயும் ஓட மாட்டேன். வந்து பாருங்க."

அம்மிணி அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, தாழ் விழுந்தது.