கமீய்க்கு ஒரு தட்டு

அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் ஆலேன், அவர் மனைவி ஏவ்லின், எதிர்வீட்டுக்காரி சின்னப்பாப்பா ஆகிய மூவர்தான். எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் கடல் கடந்து, பிரெஞ்சு நாட்டுக் கிரெனோபிளில் படிக்கும் மகள் கமீய்க்கும் ஒரு தட்டில் வஞ்சிரத் துண்டு வைத்திருந்தார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஆலேன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கமீய் பரீட்சையில் தோற்று ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னவள் சின்னப்பாப்பா. அந்த வாயை அடைக்கத்தான் இந்த விருந்து.

"போன ஞாயித்துக்கிழம இதே வாசப்படியில பார்த்தேன் முசே. பொண்ண எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று பிரெஞ்சு மரியாதையோடு ஆலேனைக் கேட்டாள் சின்னப்பாப்பா.

ஆலேன் ஃபோனை எடுத்து மகளை வீடியோவில் அழைத்தார். வார இறுதி தவறாமல் மலையேறும் கமீய், பனி மூடிய உச்சியில் தோழிகளோடு குதித்துக்கொண்டிருந்தாள்.

"பப்பா, ஏறிட்டேன்! பரீட்சையிலயும் நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

"கேட்டுச்சாம்மா?" என்றார் ஆலேன், சின்னப்பாப்பாவிடம்.

சின்னப்பாப்பா தலைகுனிந்தாள். திரையில் கமீய் விரலை நக்கினாள்.

"அம்மா, இன்னிக்குக் கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்."

கமீயின் தட்டில் முள் மட்டும் இருந்தது. அவள் நாற்காலியின் அடியில் ஒரு பிடி பனி, ஃபேன் காற்றில் கரையாமல் கிடந்தது. ஆலேன் அந்தத் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

தெருவில் இன்னும் தவறாகப் பேசுகிறார்கள். கமீய் படிப்பை விட்டு வரவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும்தான் வருகிறாள்.