பத்து இறாத்தல் பாண்

மஹய்யாவ ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே சின்னமுத்து பேக்கரிப் பாணைத் தெருத்தெருவாக விற்கும் தன் ஓட்டோவின் பாட்டை நிறுத்திவிட்டார்.

பாட்டுக் கேட்டால் சனம் வரும். வந்தால் பாண் வாங்கும். வாங்கினால் அவர் தொலைந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் பத்து இறாத்தல் பாண் இருந்தது. அந்தப் பத்தும் விற்காமல் வீடு போய்ச் சேர வேண்டும்.

நாளை பின்னேரம் மகள் சர்மிளாவுக்கு நிச்சயதார்த்தம். பெண் பார்க்க கெலிஓயாவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா ஏழு வடை தின்றுவிட்டு, நிச்சயதார்த்தத்துக்கும் இதே வடைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அது மிஞ்சிப்போன பாணைப் பிசைந்து சுட்ட வடை. சின்னமுத்துவின் மனைவி பாப்பம்மா அதை உளுந்து வடை என்று சொல்லிவைத்திருந்தாள். ஊரில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று புருஷனிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

புதுப் பாண் சரிவராது. பசையாகி எண்ணெயைக் குடித்துவிடும். ஒருநாள் காய்ந்த பாண்தான் வேண்டும்.

காலையிலேயே பத்தை எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் மூன்று வருடத்தில் பாண் மிஞ்சாத நாளே கிடையாது. மிஞ்சப்போவதை யாராவது எடுத்து வைப்பார்களா?

இன்றைக்கென்று பார்த்து வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பாண் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட இரண்டிரண்டு வாங்கினார்கள். கண்ணாடிக்குள் பாண் தெரியும்போது இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

குழாயடியில் தையல்காரி லோஜினி வழி மறித்தாள்.

“பத்தையும் குடுங்கண்ணே. நாளைக்கு விசேஷம் வச்சிருக்கீங்க, இன்னைக்கு ஒங்களுக்கு ஒரு பாண்கூட மிஞ்சக் கூடாதுன்னு நாங்கெல்லாம் நேத்தே பேசிக்கிட்டோம்.”

அன்பு இப்படியா கழுத்தை நெரிக்கும்? சின்னமுத்து பத்தையும் எடுத்துக் கொடுத்தார். நாளைக் காலையில் ஏதாவது சொல்லித் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்று பட்டது.

“இத இன்னைக்கு தின்னுறாதம்மா” என்றார் மெதுவாக.

லோஜினி முகம் மாறியது. ஏன் என்று கேட்கவில்லை. போனை எடுத்தாள்.

அவர் கோயிலடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் வட்ஸ்அப்பில் செய்தி பரவிவிட்டது. பாணில் ஏதோ கோளாறாம். பெண்கள் கையில் பாணோடு தெருவில் நின்றார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து பெட்டிக்குள் வைத்தார்கள்.

பத்து கேட்டவருக்கு முப்பது கிடைத்தது. சின்னமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மனுஷன் அவமானத்தில் அழுகிறார் என்று தெரு நினைத்தது.

லோஜினிக்குத்தான் முதலில் மனசு பொறுக்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பாணை எடுத்தாள். எல்லோரும் பார்க்க ஒரு பெரிய துண்டைப் பிய்த்து, மென்று, விழுங்கினாள். நல்ல பாண்தான் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. மகளின் விசேஷ நேரத்தில் ஒருவரின் பெயர் கெடலாமா? நடுத்தெருவில் நின்று வெறும் பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். விக்கல் எடுத்தவர்களும் விடவில்லை. டியூஷன் விட்டு வந்த பிள்ளைகளையும் கூப்பிட்டு ஊட்டினார்கள்.

சின்னமுத்து, வேண்டாம் என்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். எல்லோரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

கடைசிப் பாணுக்கு யாரோ தேங்காய்ச் சம்பல் கொண்டுவந்தார்கள்.