பாட்டுப் பைத்தியம்

லாரிக்காரனே இஸ்ரவேலைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"பின்னாலயே ஆரன் அடிச்சிக்கினு வர்றேன். காதுல ஒயர மாட்டிக்கினு சைக்கிள் ஓட்டினா எப்டிக் கேக்கும்?"

தெருவே வாசலில் கூடிவிட்டது. பெர்சிஸ் எல்லார் எதிரிலும் புருஷனைத் திட்டினாள். "வாக்மேன்ல அப்டி இன்னாதான் பாட்டு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்திவிட்டு முட்டியில் மருந்து போட்டாள். தொங்கிய ஒயரின் நுனியை காலியாக இருந்த அவனுடைய சட்டைப் பைக்குள் செருகினாள். அந்த வீட்டில் வாக்மேன் என்று ஒன்று இருந்ததே இல்லை.

தோல் கம்பெனி மிஷின் சத்தத்தில் போன காது. கம்பெனிக்குள்ளே எல்லாருக்கும் கைஜாடைதான், அதனால் இன்னும் யாருக்கும் தெரியாது. விஷயம் தெரிந்தால் மேஸ்திரி வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்.

அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கும் மாட்டிக்கினு போ."