மாஸ்டர் திரும்பும் வரை

பாயின்மேல் பன்னிரண்டு பேர், பாய்க்கு முதுகைக் காட்டி நாற்காலியில் மாஸ்டர், அவருக்கு எதிரே பெஞ்சில் அக்காவும் தங்கையும். பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் மல்யுத்தக் கலைதான் இனி கதி என்று தங்கை வேலையை உதறி ஒரு மாதம் ஆகிறது. முழுநேரப் போட்டிப் பயிற்சிக்கு அவள் பார்க்கும் மூன்றாவது பள்ளி இது. இன்றைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். முதலிரண்டு இடங்களிலும் ஒரே சிரிப்பும் பாட்டும். சுவரில் ஒரு பதக்கம்கூட இல்லை. இங்கே சுவரில் இன்னொரு ஆணி அடிக்க இடமில்லை. மதிய வெயில் பாயில் வெள்ளையாகக் கிடக்கிறது. மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஓரத்தில் எதிராளியின் பிடியில் ஒருத்தியின் கை பின்னால் முறுகுகிறது. அவள் பாயைத் தட்டுகிறாள். தட்டினால் பிடியை விட்டுவிட வேண்டும், எங்கும் அதுதான் வழக்கம். பிடித்தவள் விடவில்லை. மறுபடியும் தட்டுகிறாள்.

"தட்டுறாங்க மாஸ்டர்," என்கிறாள் அக்கா.

"கேக்குதும்மா. நான் திரும்பிப் பாத்தாத்தான் விடணும். போட்டியில நடுவர் பாக்காம யாரு விடுவா?" அவர் தேநீரை ஊதிக் குடிக்கிறார். மற்ற பத்துப் பேரில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. கை முறுகிக்கொண்டிருப்பவள் தங்கையைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். மாஸ்டர் மெல்லத் திரும்புகிறார். பிடி தளர்கிறது.

"இது பள்ளிக்கூடமா, கசாப்புக்கடையா? எந்திரிடி, போலாம்."

"நீ போக்கா."

"கை போச்சுன்னா யாருடி ஊட்டிவிடுவா, நானா?"

தங்கை பாயின் ஓரத்தில் போய் நிற்கிறாள். யாரும் சொல்லாமலே பன்னிரண்டு பேரும் நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறார்கள். அக்கா வாசலைத் தாண்டியதும் அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. உள்ளேயிருந்து யாரோ பூட்டுகிறார்கள்.