வேம்புக்குக் கிழக்கே

நிலத்துக்காரர் வேப்பமரத்தைத் தாண்டிப் போய் நின்றார்.

வரப்பில் நின்றிருந்தவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"அப்பா காட்டின அடையாளம். வேம்புக்குக் கிழக்கே எங்க நிலம்," என்றார் அதிகாரியிடம். காலையில்தான் சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார். வேட்டி புதுசு. காலில் ஷூ.

அப்பா காட்டிய மரம் இது இல்லை. அது மேற்கு வரப்பில் இருந்தது. புயலில் சாய்ந்து ஏழு வருஷமாகிறது.

இது கிழக்கு வரப்பில் தானாக முளைத்தது. கஞ்சி குடிக்க நிழல் வேண்டுமே என்று அவள்தான் ஆடு கடிக்காமல் முள் வைத்துக் காத்தாள்.

அவர் நிற்பது அடுத்தவர் நிலம்.

குனிந்து பார்த்தாலே தெரியும். அங்கே காலடிக்குக் காலடி கல். இந்தப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. குத்தகைக்கு உழுத பதினோரு வருஷமும் அவள் பொறுக்கிய கற்கள், வரப்போரம் இடுப்புயரம் கிடக்கின்றன.

இனி உழவு இல்லை. நிலத்துக்கு ஓய்வு கொடுத்து மரம் நட்டால், மண்ணைக் காத்ததற்கு அரசு வருஷாவருஷம் மானியம் தருகிறது. பட்டாவில் பெயர் உள்ளவருக்கு.

அவள் குத்தகை வாய்ப்பேச்சு. விண்ணப்பத்தில் வாய்ப்பேச்சுக்குக் கட்டம் இல்லை.

ஒரே ஒரு போகம் கேட்டிருந்தாள். போன மாதம், போனில்.

"இந்த ஆடிக்கு மட்டும் கடலை போட்டுக்கறேன் சார்."

திட்டம் ஒத்துக்காது என்று வைத்துவிட்டார்.

அதிகாரி போனை உயர்த்தினார்.

"எந்த இடம்னு போட்டோவிலேயே பதிவாகிடும் சார். சர்வே நம்பரோட ஒத்துப்போகலைன்னா விண்ணப்பம் திரும்பிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"பொறந்த ஊரு சார். என் நிலம் எனக்குத் தெரியாதா?"

சிரித்தபடி ஓரடி நகர்ந்தார். கல் தடுக்கியது.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. படத்துல விழறீங்க."

அவள் தள்ளிக்கொண்டாள்.

செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டு, மேற்குப் பக்கம் இறங்கினாள். நிலத்தில் அவள் செருப்போடு இறங்கியதில்லை.

உள்ளங்காலில் மண் சுட்டது. பொடிமண். விரலிடுக்கில் ஏறிக்கொண்டது.

மலைக்குப் பின்னால் மேகம் திரண்டிருந்தது. ஆடி பிறக்க எட்டு நாள்.

"காசியம்மா." மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். அவளைவிடப் பத்து வயது இளையவர். "நீயே சாருக்குச் சொல்லு. இதானே நிலம்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேரமெடுத்துத் துடைத்தாள்.

"அதேதான் சார்."

அதிகாரி இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் கண் மூடியிருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்தார்.

கார் கிளம்பிப் போய்ப் புழுதி அடங்கும்வரை அவள் நிலத்தின் நடுவிலேயே நின்றாள்.

விதைக்கென்று எடுத்துவைத்த கடலை பரணில் ஒரு மூட்டை இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நாளைக்கு வியாபாரியை வரச் சொல்லியிருந்தாள்.

வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.