எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்

“தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணை நாளையிலிருந்து ஒண்ணாம் வகுப்புல உட்கார வைக்கலாம்னு இருக்கேன்.”

இரண்டாம் வகுப்பு டீச்சர் இப்படிச் சொன்னதும் தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளியிலிருந்து போன் வந்ததும், பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

“டீச்சர், இவ போன மாசம்தானே இங்க சேர்ந்தா. பழைய ஸ்கூல்ல நல்லாத்தான் படிச்சா...”

“நான் சொல்லணுமா? நீங்களே கேளுங்க.” டீச்சர் வகுப்பின் பக்கம் திரும்பினார். “எங்கே, அணில் பாடம்!”

முப்பது தொண்டைகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

“அணில் மரத்தில் ஏறியது! பழத்தைப் பறித்தது!”

கடகடவென்று, மூச்சு விடாமல் ஓடியது பாடம். பெற்றோர் கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய பாடம் அல்லவா, டீச்சர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

“இப்ப நீ படி.”

மகள் எழுந்து, வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

“அ... ணி... ல். அணில். ம... ர... த்... தி... ல்...”

பின் பெஞ்சில் களுக்கென்று ஒரு சிரிப்பு. தையல்காரம்மாவுக்கு மானம் கப்பலேறியது. ‘சீக்கிரம் படிடி’ என்று உதட்டை மட்டும் அசைத்தாள். மகளின் விரல் எதற்கும் அவசரப்படவில்லை.

“பாத்தீங்களா? இவ ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள மத்தவங்க பாடத்தையே முடிச்சுடறாங்க.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்குன்னு பாத்து வாசிப்பு ஆய்வு பண்ற மேடம் வேற வர்றாங்க. பிள்ளைங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு கேப்பாங்க. நீங்க இவளை இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இவ்வளவு பணிவாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. கண் கலங்க, புத்தகப் பையை எடுத்து மகளின் தோளில் மாட்டினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். ஆய்வு மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்.

“யாரும் போக வேண்டாம். எல்லாரும் படிக்கிறதைக் கேக்கத்தானே வந்திருக்கேன்!”

டீச்சர் முந்திக்கொண்டு வகுப்பு லீடரை எழுப்பிவிட்டார். அவன் புத்தகத்தை மேஜை மேல் விரித்து வைத்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான்.

“அணில் மரத்தில் ஏறியது! பழத்தைப் பறித்தது!”

மின்விசிறிக் காற்றுக்கு என்ன அவசரமோ, படபடவென்று பக்கங்களைப் புரட்டிவிட்டது. இப்போது அவன் கண்ணுக்கு எதிரே பாலத்தின் மேல் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.

லீடர் அசரவில்லை. ரயிலைப் பார்த்துக்கொண்டே அணிலைக் கிளையில் உட்கார வைத்தான், பழத்தைத் தின்ன வைத்தான், பத்திரமாகப் பொந்துக்குள் அனுப்பிவிட்டு உட்கார்ந்தான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

மேடம் சிரிக்கவில்லை. “நல்ல ஞாபகசக்தி தம்பி!” என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

டீச்சரும் ரயில் பக்கத்தைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“அடுத்து, பையை மாட்டிக்கிட்டு நிக்கிற பாப்பா வரட்டும். இந்த ரயில் பக்கமே இருக்கட்டும்.”

“மேடம், அது இன்னும் நடத்தாத பாடம். அதுவும் இவ... எழுத்துக்கூட்டித்தான் படிப்பா.”

“நடத்தாததுதான் வேணும்.” படத்தைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்று மேடம் உள்ளங்கையால் ரயிலை மூடிக்கொண்டார்.

மகள் மறுபடியும் வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

“ர... யி... ல். ரயில். பா... ல... த்... தி... ன். பாலத்தின்... மேல்...”

இப்போது பின் பெஞ்சில் சிரிப்பு இல்லை. நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“ரயில் பாலத்தின் மேல் போகிறது. கீழே ஆறு ஓடுகிறது.” படித்து முடித்து நிமிர்ந்தாள்.

மேடம் புத்தகத்தை மூடினார். “பாலத்துக்குக் கீழ என்னம்மா இருக்கு?”

“ஆறு மேடம்.”

“கேட்டீங்களா டீச்சர்? எழுத்தைப் பாக்குறா, ஒலியைச் சேர்க்குறா, வார்த்தையைப் பிடிக்கிறா, அர்த்தமும் சொல்றா. ஆராய்ச்சியெல்லாம் வாசிப்புன்னு சொல்றது இதைத்தான். வேகம் பழகப் பழகத் தானா வரும்.”

“அப்ப...” தையல்காரம்மா ஓரடி முன்னால் வந்தாள். “இவ ஒண்ணாம் வகுப்புக்குப் போக வேண்டாமா மேடம்?”

“இவ எதுக்குப் போகணும்?”

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றி, பெஞ்சிலேயே வைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாள்.

டீச்சரும் நல்லவர்தான். வீம்பு பிடிக்காமல் சிறுமியின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஏன் கண்ணு, இவ்வளவு நல்லாப் படிக்கிறியே, இந்த அணில் பாடத்தை மட்டும் ஏன் அவங்களை மாதிரி வேகமாச் சொல்ல மாட்டேங்கிற?”

திட்டுதான் விழப்போகிறது என்று மிரண்டுபோன மகள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“சாரி டீச்சர். நான் லேட்டா சேர்ந்தேன்ல, இன்னும் மனப்பாடம் ஆகல. அதுவரைக்கும் வாசிச்சுத்தான் சமாளிக்கிறேன்.”