அடிப்பக்கம்

கடல் கடந்து போன டாங்கி ஒன்று, வாங்கியவரின் புகார்க் கடிதத்தோடு திரும்பி வந்து சுகிர்தாவின் மேசையில் கிடந்தது. கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்களுக்காகச் செய்கிற, உள்ளங்கை அகலப் பொம்மைப் போர் டாங்கி. இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வேலைக்கு வருகிற சுகிர்தாதான் அதற்கு வண்ணம் தீட்டியவள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? வாசிக்கிறேன், கேளு," என்றார் சூப்பர்வைசர் கதிரேசன். 'எங்கள் நாட்டிலேயே செய்தபோது இப்படி இல்லை. அடிப்பக்கம் முழுக்கச் சேறும் நசுங்கிய புல்லும் பூசியிருக்கிறார்கள். டாங்கியைக் கண்ணால்கூடக் காணாதவர்களிடம் வேலையைக் கொடுத்தால் தரம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.'

சுகிர்தாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. பதின்மூன்று வயதில், மழைத்தண்ணீர் தேங்கிய பதுங்குகுழிக்குள் மல்லாந்து கிடந்த அவள் முகத்துக்கு மேலாகத்தான் ஒரு டாங்கி ஊர்ந்து போனது.

"தரம் கதைக்கிற அந்த மனுசன் ஒருநாளாவது இதுக்குக் கீழ கிடந்தவரோ எண்டு எழுதிக் கேளுங்கோ, சேர்!"

கதிரேசன் கடிதத்தை மடித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சரிம்மா, கம்பெனி குடுத்த படத்துல இருக்கற மாதிரி கறுப்பு அடிச்சுக் குடுத்துடு," என்றார்.

அவள் டாங்கியைக் கவிழ்த்துப் பிடித்தாள். கறுப்பு டப்பாவை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே மெல்லிய பிரஷை நீலத்தில் தோய்த்தாள். அன்று அந்த அடிப்பக்கத்தில் சிக்கிக்கொண்டு போன தங்கச்சியின் சட்டைத்துண்டை மட்டும் இத்தனை நாளும் அவள் தீட்டாமல் விட்டிருந்தாள்.